அக்காவுக்கு வைத்த தலையணை

எங்கள் விஸ்வநத்தத்தில் மருந்து என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சலுக்கு உண்பது ஒன்று; பட்டாசுக்குள் அடைப்பது மற்றொன்று. “அவர் மருந்துக் கலவையில் இருக்கிறார்” என்று யாரேனும் சொன்னால், வெளியூர் விருந்தினர் அவரைக் கம்பவுண்டர் என்று எண்ணிக்கொள்வார். பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கூடிய அந்தக் கலவைக்கு வெடிமருந்து என்பதே முழுப்பெயர். பேச்சு வழக்கில் வெடி தேய்ந்துபோய் மருந்து மட்டும் நின்றுவிட்டது. சிவகாசியை ஒட்டிய எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. எந்த மருந்து என்பது சொல்பவரின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

மதரஸாவில் குர்ஆன் ஓதலும் அரபு இலக்கணமும் கற்பித்து வருபவன் நான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக வரலாறு படித்துப் பெற்ற பி.ஏ. பட்டம் ஒன்றும் உண்டு. மருத்துவத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இருந்ததில்லை. ஆயினும் இரண்டாண்டுகளாக இஷா தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டில் நடப்பது மருத்துவப் பாடந்தான். என் மூத்த மகள் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்னும் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். டாக்டர் படிப்பன்று, நர்சிங்கும் அன்று. ஸ்கேன் எடுப்பவர், டயாலிசிஸ் எந்திரத்தை இயக்குபவர், இரத்தம் சோதிப்பவர், அறுவை அரங்கில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவுபவர், முடங்கிய கைகால்களை அசைத்துப் பழக்குபவர் என்று, மருத்துவமனையில் நாம் பெயர்கூடக் கேட்காமல் கடந்துபோகும் மனிதர்கள் பலர் இருக்கிறார்களே, அவர்களின் வரிசையில் சேரும் படிப்பு இது. 2021 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இத்தகையோருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பணிகள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இப்படிப்புகளுக்குப் பட்டம் வழங்குகிறது. (இடையில் ஒரு வார்த்தை: பிள்ளைகளைச் சேர்க்கும் முன், சான்றிதழ் தரப்போவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு, எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைவீதி மாடியில் பலகை மாட்டிய இடத்தில் நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்டுப் பின்னர் கலங்கி நின்ற குடும்பங்களை நான் அறிவேன்.)

சென்ற ரமலானுக்குச் சில நாள்களுக்கு முன் ஓர் இரவு. தேர்வுக்காக அவள் கண்ணை மூடி ஒப்பிக்க, நான் அவளுடைய குறிப்பேட்டைக் கையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். குர்ஆனை மனனம் செய்யும் மாணவனிடம் பாடம் கேட்பது போலத்தான். அன்று தீப்புண் பாடம். “கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலைக்குத் தலையணை வைக்கக் கூடாது. தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும்” என்றாள். நான் “சரி” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “என்ன அத்தா, தப்பா?” என்று கண்ணைத் திறந்தாள். தப்பில்லை என்று தலையை அசைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது போல் எழுந்து போய்விட்டேன்.

அடுத்த அறையில் என் அக்கா உறங்கிக்கொண்டிருந்தார்.

1995 ஆம் ஆண்டில் எனக்கு 16 வயது. அத்தா மவுத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கா பட்டாசு ஆலை ஒன்றில் திரி வேலை பார்த்தார். அவருடைய வாரச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. என் பள்ளிக்கூடமும் நடந்தது. ஒரு சனிக்கிழமை. சம்பள நாள். பக்கத்து அறையில் பற்றிய தீ, அக்கா நின்றிருந்த அறையின் வாசலை ஒரு வீச்சு வீசிவிட்டு அடங்கிற்று. அந்த ஒரு வீச்சில் முகவாய், கழுத்து, மார்பின் மேற்பகுதி, முன்கைகள் இரண்டும் வெந்துபோயின. கண்கள் தப்பின. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று நாங்கள் செய்த வைத்தியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒருவர் மைப்புட்டியைத் திறந்து ஊற்றினார். தீச்சுட்டால் பேனா மை என்பது அந்நாளில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். இன்னொருவர் வீட்டுக்கு ஓடி இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார். பத்தடி தூரத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி நின்றது. “தண்ணி பட்டா கொப்புளம் போட்டுரும்” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு ஒருவரும் தொட்டியின் பக்கம் போகவில்லை. வாடகைக் கார் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. 108 ஊர்தி தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008 இல்தான்.

வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஏழு வாரங்கள் கிடந்தார். அம்மா உடனிருந்தார். நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சோறும் வெந்நீரும் சுமந்தேன். ஒரு நாள் அக்கா, “கழுத்து இழுக்குது தம்பி” என்றார். மறுநாள் வீட்டிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். இழுப்புச் சற்றுக் குறைந்தது. அதற்கடுத்த நாள் இரண்டாவது தலையணை. தலை நன்றாக உயர்ந்து முகவாய் நெஞ்சின் பக்கம் தாழ்ந்ததும் வலி விட்டது. பல நாள்களுக்குப் பிறகு அக்கா அன்றுதான் கண்ணயர்ந்தார். அம்மா என் தலையைத் தடவி, “அல்லா உனக்கு நல்ல அறிவைக் கொடுத்திருக்கான்” என்றார். அந்த வார்த்தையை நான் பல ஆண்டுகள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆறிற்று. ஆறிய தோல் சுருங்கிற்று. ஆறு மாதத்தில் முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கிவிட்டது. கீழுதடு இழுபட்டு வாய் முழுமையாக மூடவில்லை. தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்க நாம் முகத்தை வலமும் இடமும் திருப்புகிறோம். அக்கா இடுப்பிலிருந்து உடம்பையே திருப்புவார். பெருநாள் பிறை பார்க்க எல்லோரும் மாடிக்கு ஓடும் மாலையில் அவர் கீழேயே இருந்துகொண்டு, “தெரிஞ்சுதா?” என்று குரல் கொடுப்பார். நிமிர்ந்து வானத்தைப் பார்க்க அவரால் இயலாது. 2003 இல் சுருங்கிய தோலை வெட்டி விடுவித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அதன் பின் வாய் மூடிற்று. தலை ஓரளவு நிமிர்ந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் போனது போனதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனதும் அந்த எட்டு ஆண்டுகளில்தான்.

இதெல்லாம் தீயின் வேலை என்றே முப்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். மகளின் குறிப்பேட்டில் வேறு விதமாக எழுதியிருந்தது. வெந்த இடம் ஆறும்போது தோல் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். எந்த நிலையில் வைத்தால் நோயாளிக்கு இதமாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். ஆகவே இதமான நிலைதான் ஆபத்தான நிலை. கழுத்து வெந்தால் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அக்குள் வெந்தால் கை விலாவோடு ஒட்டாமல் விரிந்திருக்க வேண்டும். கை வெந்தால் விரல்கள் மடங்கி முட்டியாகிவிடாமல் பட்டை வைத்துக் கட்ட வேண்டும். இதை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும். புண் ஆறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆறிய பின்னும் ஓராண்டுக்கு மேல் இறுக்கமான உடையும் அன்றாடப் பயிற்சியும் தேவைப்படலாம். நோயாளி வலியில் கெஞ்சுவார். வீட்டார் மனமிரங்கித் தலையணையைக் கொண்டுவருவார்கள். அந்த நேரத்தில் கட்டிலருகே நின்று, காரணத்தைச் சொல்லி, அதை எடுத்து வைக்க ஒரு மனிதர் வேண்டும். அறுவை செய்யும் டாக்டர் நாள் முழுதும் அங்கே நிற்க முடியாது. இயன்முறை மருத்துவம் படித்தவரும், புண்ணுக்குக் கட்டுப்போடப் பழகியவரும், அவசரப் பிரிவில் இருப்பவருமே அங்கே நிற்பவர்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

“எல்லாம் தலையணையால வந்ததுன்னு சொல்ல முடியாது அத்தா. ஆழமான புண் எப்படியும் கொஞ்சம் சுருங்கும்” என்று மகள் பிறகு சொன்னாள். படித்த பிள்ளை, ஆறுதலையும் அளந்துதான் சொல்கிறாள்.

மையும் மாவும் பற்றியும் அதே பாடத்தில் இருந்தது. தீச்சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். உடனே இயலாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. தீ அணைந்த பின்னும் தோலுக்குள் சூடு தங்கி உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது தண்ணீர்தான். ஐஸ் கூடாது, அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். மை ஊற்றினால் புண்ணின் நிறம் மறைந்து, எவ்வளவு ஆழம் என்று டாக்டரால் பார்க்க முடியாது. மாவும் பற்பசையும் கிருமிக்குத் தீனி. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, சுற்றியுள்ளதை வெட்டிவிடலாம். பிறகு சுத்தமான துணியால் மூடி, நோயாளி குளிரில் நடுங்காமல் போர்த்திக் கொண்டுபோக வேண்டும். குழந்தைகளும் உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்களும் நெடுநேரம் நனைந்தால் உடல்சூடு இறங்கிவிடும். அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. (நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒன்று: அடுப்படியில் நைலான், பாலியஸ்டர் துணி வேண்டாம். அது எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தொழுகைக்குப் போட்ட மேலங்கியோடு அப்படியே அடுப்புக்குப் போவது நம் வீடுகளில் வழக்கம்.)

எனக்கு மிகவும் வியப்பளித்தது கணக்குப் பாடம். தீப்புண்ணுக்குக் கணக்கா என்று கேட்டேன். உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தலையும் கழுத்தும் சேர்ந்து 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, முன்னுடல் 18, பின்னுடல் 18, ஒவ்வொரு காலும் 18, மறைவிடம் 1. கூட்டினால் நூறு. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது. ஆகவே கணக்கு மாறும். சிதறிய புண்ணாக இருந்தால் நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவை ஏறத்தாழ 1 விழுக்காடு என்று கொள்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 விழுக்காடு வெந்திருந்தால், நான்கை அறுபதால் பெருக்கி மீண்டும் முப்பதால் பெருக்கினால் 7200. அத்தனை மில்லி லிட்டர், அதாவது 7 லிட்டருக்கும் மேல், ஒரு நாளில் இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும் என்பது அமெரிக்காவின் பார்க்லேண்ட் மருத்துவமனையிலிருந்து வந்த வாய்பாடு. இந்நாளில் அதைவிடக் குறைவாகத் தொடங்கி, சிறுநீரின் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பவர்களும் உண்டு. வெந்த உடம்பு தன் இரத்தக் குழாய்களிலிருந்து நீரை வெளியே கசியவிட்டுக்கொண்டே இருக்குமாம். தீயில் தப்பியவர் மறுநாள் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 7 லிட்டரில் பாதியை முதல் எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். எட்டு மணி நேரம் என்பது மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று, தீப்பட்ட நேரத்திலிருந்து. ஆகவே அவசரப் பிரிவில் மகளுக்குக் கற்பித்திருக்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, “எத்தனை மணிக்கு?” என்பது. அக்காவைக் கொண்டுபோன அன்று எங்களிடமும் கேட்டார்கள். லுஹர் பாங்குக்கு முன் என்றார் ஒருவர். பின் என்றார் இன்னொருவர். கடிகாரத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி, இந்தப் படிப்பில் மகளைச் சேர்த்த கதையைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்து மதிப்பெண் வந்ததும் அவளே விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். நான் கையெழுத்திடவில்லை. மஹல்லாவில் பெரியவர்கள் சிலரும், “ஹஜ்ரத் வீட்டுப் பொண்ணு அந்நிய ஆம்பளையைத் தொட்டுத் தூக்குற வேலைக்கா?” என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. பத்து நாள் விண்ணப்பம் என் மேசையில் கிடந்தது. பதினோராம் நாள் அக்கா வந்து எதிரில் அமர்ந்தார்.

“தம்பி, அன்னைக்கு என்னைத் தூக்கினது நாலு பேரு. நாலு பேரும் ஆம்பளைங்க. மேல்துணி பாதி எரிஞ்சு போயிருந்துச்சு. கார்ல பிடிச்சுக்கிட்டு வந்தது ஆம்பளை. அங்க போனா கட்டில்ல தூக்கிப் போட்டது ஆம்பளை. அவங்க நல்லா இருக்கட்டும். அவங்க இல்லைன்னா நான் இல்லை. ஆனா எரிச்சலை விட அந்த வெக்கந்தான் எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு பொம்பளை கை என் மேல பட்டிருந்தா போதும்னு கிடந்தேன். நம்ம புள்ளை போக வேணாம்னா, அடுத்தவ எவளாவது வெந்து கிடக்கையில யாரு போவா?”

அக்கா அன்றைய தினத்தைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

நான் வரலாறு படித்தவன்; மார்க்கக் கல்வியும் பெற்றவன். அகழ்ப் போரில், கி.பி. 627 இல், அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சை அளிக்கச் செய்ததைப் பிள்ளைகளுக்குப் பலமுறை பாடமாகச் சொன்னவன். போர்க்களத்தில் தண்ணீர் சுமந்ததையும் காயமுற்றோரை மதீனாவுக்குக் கொண்டுவந்ததையும் ருபைய்யிஉ (ரலி) அவர்கள் தம் வாயாலேயே அறிவித்த செய்தியும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவை வகுப்பறைக்கு உரியவை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று மாலையே கையெழுத்திட்டேன்.

சேர்ந்த முதல் மாதத்தில் அவளே படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இங்கே புத்தகம் முழுதும் ஆங்கிலம். அதுவும் ஆங்கில அகராதியிலும் எளிதில் கிடைக்காத சொற்கள். நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். சற்று நேரத்தில் ஒன்று புலப்பட்டது. இது நம் ஸர்ஃபு பாடம்! அரபியில் க, த, ப என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிதாப், காத்திப், மக்தப், மக்தூப் என்று சொற்கள் கிளைப்பது போல, இங்கும் சில வேர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ‘கார்டியா’ இதயம் பற்றியது. ‘ப்னியா’ மூச்சு பற்றியது. முன்னால் ‘டாக்கி’ வந்தால் விரைவு; ‘பிராடி’ வந்தால் மெதுவு. ஆக டாக்கிகார்டியா என்றால் இதயம் விரைந்து துடிப்பது. பிராடிகார்டியா என்றால் மெல்லத் துடிப்பது. டாக்கிப்னியா என்றால் மூச்சு விரைவது. பின்னால் ‘ஐடிஸ்’ வந்தால் அழற்சி. ‘ஈமியா’ வந்தால் இரத்தத்தைப் பற்றிய செய்தி. ஒரு நோட்டில் வேர், முன்னொட்டு, பின்னொட்டு என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். மதரஸாப் பிள்ளைகள் ஓசையோடு ஸீகா ஓதுவது போல அவள் ஓதத் தொடங்கினாள். இரண்டு மாதத்தில் அச்சம் போயிற்று. ஒரு பி.ஏ. பட்டதாரிக்கு மருத்துவக் கல்வியில் கிடைத்த பங்கு இவ்வளவே.

ஜேர், ஜபர் மாறினால் பொருள் மாறும் என்று பிள்ளைகளைக் கண்டிப்பவன் நான். இங்கே அது உயிரையே மாற்றிவிடுகிறது. ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்றால் இரத்தத்தில் சர்க்கரை மிகுதி. ‘ஹைப்போகிளைசீமியா’ என்றால் குறைவு. காதில் ஏறத்தாழ ஒன்றுபோலவே விழுகின்றன. முன்னதற்குத் தரும் இன்சுலினைப் பின்னதற்குத் தந்தால் நோயாளி பிழைப்பது அரிது. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், அது பெரும்பாலும் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. உயிருக்கு ஆபத்தென்றால் மார்க்கமும் இடமளிக்கிறது. பிறகு களா செய்துகொள்ளலாம்.

நாடி பார்க்கும் பாடத்தில் ஒரு சிறு தந்திரம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20. மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சின் போக்கை மாற்றிக்கொள்வார். ஆகவே நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, பார்வையை நெஞ்சின் மேல் வைத்து மூச்சை எண்ண வேண்டும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

பெயர் கேட்பதற்கும் முறை உண்டு. “நீங்க பாத்திமாதானே?” என்று கேட்கக் கூடாது. அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆம் என்பார். “உங்க பேரு என்ன?” என்று கேட்டு, அவர் வாயால் வரவழைத்து, பிறந்த தேதி அல்லது மருத்துவமனை எண் ஒன்றோடு ஒப்பிட்ட பிறகே ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் வேண்டும். நம் சமுதாயத்தில் ஒரு வார்டில் மூன்று பாத்திமாவும் நான்கு முகம்மதுவும் இருப்பது இயல்பு. இதோடு, வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர்! இரத்தம் மாற்றி ஏற்றப்பட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் ஆதாரில் உள்ள பெயரையே எப்போதும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. விபத்து நடந்த இடத்துக்குள் நுழையுமுன் நில். உனக்கு ஆபத்தில்லை என்று பார்த்த பிறகே கால் வை. இதைப் படித்தபோது எனக்கு முதலிப்பட்டி நினைவு வந்தது. 2012 செப்டம்பர் 5. நண்பகல். சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று பற்றி வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து ஓடியவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோயிற்று. பிறர் துன்பம் கண்டு ஓடும் மனம் எங்கள் வட்டாரத்தில் நிறையவே உண்டு. நின்று பார்க்கும் பயிற்சி இல்லை. “நின்னா கல்நெஞ்சம்னு சொல்லுவாங்களே?” என்று மகளிடம் கேட்டேன். “நானும் விழுந்துட்டா, என்னைத் தூக்க இன்னும் ரெண்டு பேர் வேணுமே அத்தா” என்றாள்.

பலர் காயமுற்றுக் கிடக்கும்போது கத்துகிறவரிடம் முதலில் போகாதே என்றும் அந்தப் புத்தகம் சொல்கிறது. கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது. சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பார்க்க வேண்டும். தீப்புண்ணிலும் அப்படியே. சிவந்து எரிபவர் துடிப்பார். தோலின் முழு ஆழமும் வெந்து வெளுத்தவர் வலிக்கவில்லை என்பார். குரல் கம்மி, மூக்கு மயிர் பொசுங்கி, சளியில் கரி கண்டால் மூச்சுக்குழல் வெந்திருக்கிறது என்று பொருள். வீக்கம் ஏறி மூச்சு அடைபடுமுன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். 2022 இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரும் தீப்புண் என்றால் எங்களுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி மதுரைதான். வழியில் இதையெல்லாம் கவனிக்கும் ஒரு கண் வண்டிக்குள் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றாகுமா?

இப்போது மக்தபில் சனிக்கிழமை தோறும் பத்து நிமிடம் இந்தப் பாடத்தைச் சொல்கிறேன். மகள் சொல்லித்தந்த கைகழுவும் முறையை முதலில் காட்டினேன். விரல்களைக் கோத்துத் தேய்க்கும் கட்டம் வந்ததும், “இது ஒளுவுல இருக்கே ஹஜ்ரத்!” என்று ஒரு சிறுவன் கூவினான். விரலிடுக்கைக் கோதிக் கழுவும் கிலாலைச் சொல்கிறான். மருத்துவமனையில் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி என்பது மட்டும் கூடுதல். சென்ற மாதம் அதே சிறுவனின் தாய் சொல்லியனுப்பினார்: கையில் எண்ணெய் தெறித்துவிட, மகன் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். “போதும் விடுடா” என்றதற்கு, கடிகாரத்தைக் காட்டி, “இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு” என்றானாம்.

தலையணையைப் பற்றி அக்காவிடம் சொல்லாமல் சில வாரங்கள் கழித்தேன். ரமலான் இருபத்தேழாம் இரவில், தராவீஹ் முடிந்து வந்த பின் சொன்னேன். நான் வைத்தது தவறு, அதனால்தான் கழுத்து அவ்வளவு இறுகியது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த ஏழு வாரத்துல நான் தூங்கினது அந்தத் தலையணையில மட்டுந்தான் தம்பி” என்றார். இன்னும் சற்றுக் கழித்து, “இனிமே யாருக்கும் வைக்காதே” என்றார்.

மகள் கோணமானியை எடுத்துவந்து, மாமியின் கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வலப்பக்கம் சற்றுக் கூடுதல். இடப்பக்கத்துக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஃபஜ்ருக்குப் பின் பத்து முறை, அஸருக்குப் பின் பத்து முறை. அக்கா தவறாமல் செய்கிறார்.